வற்றாத சாடி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பற்றியோ இசை பற்றியோ பேசுவது மரபு. எங்கட்கு அளிக்கப்பட்டுள்ள கால்மணி நேரத்தில் அடுக்களைச் சாடி ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறோம் என்று நாங்கள் தெரிவித்தபோது செயலாளர் சற்றே தயங்கினார். பின்னர், "உங்கள் சாடியைப் பற்றிச் சங்கத்தில் பாதிப் பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், மேடையிலேயே சொல்லிவிடுங்கள்" என்று இசைந்தார். அந்தப் பாதிப் பேர் வீட்டிலும் எங்கள் சாடியின் வாரிசு ஒன்று வளர்ந்து வருகிறது. ஆகவே எங்கட்கும் சொல்ல வேண்டிய கடமை ஒன்று இருக்கிறது. அதனைப் பிற்பகுதியில் கூறுவோம்.

தில்லிக்குக் குடிவந்த நம்மவர் எவரும் முதற் குளிர்காலத்தை மறந்திருக்க மாட்டார்கள். மாலையில் பாலுக்கு உறையிட்டு வைத்தால் காலையிலும் அது பாலாகவே இருக்கும். கம்பளியால் சுற்றுவோம், கோதுமை மாவு டப்பாவினுள் புதைத்து வைப்போம். என்றேனும் உறைமோர் தவறிப்போனால், பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடம் கிண்ணத்தோடு போய் நிற்போம். அவர் அதனை 'ஜாமன்' என்பார். பெயர்தான் வேறு, இன்றைய தயிரில் ஒரு கரண்டியை நாளைக்கென்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் இரு வீட்டிற்கும் ஒன்றே. ஊரில் மிளகாய்க் காம்பை இட்டுத் தயிர் உறைய வைத்த பாட்டிமார் உண்டு. இன்று நாங்கள் சொல்லவந்த பானத்திற்கு மட்டும் அந்த வித்தை செல்லாது. உறை வேண்டுமெனில் பிறிதொரு சாடியிலிருந்துதான் வரவேண்டும்.

அப்பானம் கொம்புச்சா. சர்க்கரையிட்ட தேநீரைப் புளிக்க வைத்துப் பெறும் மெல்லிய காடி அது. எங்கள் இல்லத்தில் 'தேநீர்க் காடி' என்றே வழங்குகிறோம். ஜப்பானிய மொழியில் கொம்பு என்பது ஒருவகைக் கடற்பாசி. அதனை ஊறவைத்த நீருக்குரிய பெயர் எப்படியோ இதற்கு ஒட்டிக்கொண்டது. நம் கொம்பிற்கும் இதற்கும் உறவு ஏதும் இல்லை. ஈராயிரம் ஆண்டுகட்கு முன் சீனப் பேரரசர் அருந்தினார் என்று விற்பனைப் புட்டிகளில் அச்சிடுகிறார்கள். அது வணிகர் கதை. உருசிய நாட்டு இல்லங்களில் இது நெடுங்காலமாக வழங்கி வந்தமை உண்மை. சன்னலோரத்தில் மெல்லிய துணி கட்டிய கண்ணாடிக் குடுவையில் வைத்து, 'தேநீர்க் காளான்' என்னும் பொருள்படும் பெயரால் அழைப்பர். 1913-ஆம் ஆண்டில் லிண்டாவ் என்னும் ஜெர்மானியத் தாவர அறிஞர் இதற்கு ஓர் இலத்தீன் பெயரும் சூட்டினார். எங்கட்கு முதல் உறை வந்ததும் உருசியாவில் மருத்துவம் பயின்று திரும்பிய அண்டை வீட்டுப் பெண்ணின் கையால்தான்.

உண்மையில் இது காளான் அன்று. சாடியின் மேற்பரப்பில் பாலாடை போலப் படரும் தடித்த ஏடு, பருத்தியில் உள்ள அதே செல்லுலோசுப் பொருளால் ஆகியது. இத்தகைய ஏட்டினைச் சில பாக்டீரியாக்கள் நெய்கின்றன என்பதை 1886-இல் அட்ரியன் பிரவுன் என்னும் ஆங்கில வேதியியலறிஞர் கண்டறிந்தார். சாடிக்குள் இரு கூட்டத்தார் வாழ்கின்றனர். ஈஸ்டு என்னும் நொதிகள் சர்க்கரையை உடைத்துச் சாராயமும் கரியமில வாயுவும் ஆக்குகின்றன. பாக்டீரியாக்கள் அச்சாராயத்தைக் காற்றின் துணையால் காடி அமிலமாக மாற்றுகின்றன. ஒருவர் எச்சில் மற்றவர்க்கு உணவு. புளிப்பு மிகுந்துவிட்டால், நோய் விளைக்கும் கிருமிகள் பெரும்பாலும் அங்கே தலைகாட்ட முடியாது.

இதனை வைப்பதில் இரு முறைகள் உண்டு. தேநீரை ஊற்றிப் பத்து நாள் காத்திருந்து, எல்லாவற்றையும் வடித்துக் கழுவி, மறுபடியும் தொடங்குவது ஒன்று. மற்றொன்று தொடர்முறை. அடியில் குழாய் பொருத்திய பெரிய சாடியிலிருந்து வேண்டும் அளவு பிடித்துக்கொண்டு, அதே அளவு ஆறிய இனிப்புத் தேநீரை மேலே ஊற்றிவிடுவது. சாடி காலியாவதே இல்லை. நாங்கள் கைக்கொண்டது இரண்டாம் முறையையே. எங்கள் சாடியில் 8 லிட்டர் நிற்கும். ஞாயிறுதோறும் 2 லிட்டர் பிடிப்போம். 2 லிட்டர் நீரில் 12 கிராம் தேயிலையும் 160 கிராம் சர்க்கரையும் இட்டுக் காய்ச்சி வடித்து, கை பொறுக்கும் சூடுகூட இல்லாதவாறு நன்கு ஆறிய பின், ஏடு கலையாமல் ஊற்றுவோம். இஞ்சி, ஏலம் முதலியன சாடிக்குள் போகலாகா. அவற்றின் எண்ணெய் நுண்ணுயிர்கட்கு ஒவ்வாது. பிடித்த பின்பு தம்ளரில் சேர்த்துக்கொள்ளலாம்.

தொடர்முறையின் சிறப்பு சோம்பேறிகட்கு உகந்தது என்பது மட்டுமன்று. சாடியில் எப்போதும் ஆறு லிட்டர் முதிர்ந்த புளிப்பு இருப்பதால், புதிதாக வந்து சேரும் இனிப்புத் தேநீர் பூஞ்சணத்திற்கு இரையாகு முன்பே புளிப்பினுள் அமிழ்ந்துவிடுகிறது. இதனை நாங்கள் கேட்டறிந்ததினும் பட்டறிந்ததே மிகுதி. முதல் ஆண்டு சனவரியில், ஆர்வ மிகுதியால் 5 லிட்டர் இனிப்புத் தேநீரில் இரண்டு தம்ளர் உறையை மட்டும் ஊற்றிவைத்தோம். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குளிரோ கொடுமை. ஒன்பதாம் நாள் ஏட்டின் மேல் பச்சை நிறத்தில் பஞ்சு போலப் பூத்திருந்தது. ஓரத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாமா என்று ஒரு நாள் முழுவதும் வீட்டில் வாதம் நடந்தது. காப்பாற்றலாகாது. ஏடு, நீர் எல்லாவற்றையும் கொட்டத்தான் வேண்டும். கொட்டினோம். அதன்பின் ஒரு லிட்டர் உறையில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாக ஏற்றி எட்டு லிட்டர் ஆக்கினோம். திலக் பஜாரில் இரசாயனக் கடையொன்றில் வாங்கிய அமிலக் காகிதத்தையும் அடுக்களையில் வைத்திருக்கிறோம். அளவு 4.2-க்கு மேல் நின்றால் குடிப்பதில்லை, 2.5-க்குக் கீழே இறங்கினால் அது பானமன்று, வினிகர். அதனை வெங்காயத் துண்டுகளில் ஊற்றி வடநாட்டார் முறையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வோம். மே, சூன் மாதங்களில் பெரும்பகுதி இவ்வாறுதான் போகிறது. 45 பாகை வெயிலில் சாடி ஒரு வாரம் பொறுப்பதில்லை.

சாடியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் முதற் சாடி கண்ணாடிதான். ஆனால் அதன் குழாய் பளபளப்பாக முலாம் பூசிய ஏதோ ஓர் உலோகம். நான்கு மாதங்களில் காடியில் ஓர் இரும்புச் சுவை ஏறியது. கழற்றிப் பார்த்தால் உட்புறத்து முலாம் உரிந்து பச்சை பூத்திருந்தது. விற்ற கடைக்காரர், "தண்ணீருக்குத்தான் கொடுத்தோம்" என்றார். அவர் சொன்னதும் நியாயந்தான். புளிப்பு பித்தளையையும் செம்பையும் அலுமினியத்தையும் அரிக்கும் என்று புளி கரைத்துப் பழகிய நமக்கு ஒருவர் சொல்லியா தெரியவேண்டும்? பீங்கானிலும் எச்சரிக்கை வேண்டும். மெருகில் ஈயம் கலந்த பீங்கான் பானையில் மாதக்கணக்கில் கொம்புச்சா வைத்துக் குடித்து ஈய நஞ்சுக்கு ஆளானவர் பற்றி ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் 1998-இல் வெளியிட்டது. பாட்டி விட்டுச்சென்ற ஊறுகாய்ச் சாடி எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதன் மெருகில் என்ன உள்ளதென்று அறியாமையால், அதில் எலுமிச்சங்காயையும் இடுவதில்லை இப்போது.

நிற்க. கடமை என்று தொடக்கத்தில் குறித்தோமே, அதற்கு வருவோம்.

துவாரகாவில் மகனோடு வசிக்கும் எங்கள் அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. இருபது ஆண்டுகளாக நீரிழிவு. எங்கள் சாடியைக் கண்டதும் அவருக்கு உடனே பிடித்துப்போயிற்று. நாங்களும் மகிழ்ந்து, 4 லிட்டர் சாடி ஒன்றில் உறையோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். கொடுத்தபோது, "உடம்புக்கு நல்லது அத்தை" என்று ஒரு சொல்லும் சொன்னோம். அந்தச் சொல்லை நாங்கள் விளையாட்டாகச் சொல்லவில்லை, ஆராய்ந்தும் சொல்லவில்லை.

2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் ஓர் ஆய்வு வெளியிட்டனர். நீரிழிவு உடையோர் நான்கு வாரம் கொம்புச்சா அருந்தியபோது வெறும்வயிற்றுச் சர்க்கரை குறைந்ததாக அதில் கண்டிருந்தது. அத்தை மகன் கைப்பேசியில் வந்த அச்செய்தியைத் தாயாருக்குப் படித்துக் காட்டினார். ஆய்வில் கலந்துகொண்டவர் மொத்தம் 12 பேர் என்பதோ, அது மேலும் ஆராய்வதற்கான முன்னோட்டமே என்பதோ அத்தையின் காதில் விழவில்லை. அதற்கு முன் 2003-இல் எர்ன்ஸ்ட் என்னும் அறிஞர் இருந்த சான்றுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, கொம்புச்சாவின் மருத்துவப் பயனுக்கு மனிதரிடம் செய்த ஆய்வு ஒன்றுகூட இல்லை என்று எழுதியிருந்தார். அது எங்கட்கே அப்போது தெரியாது.

அத்தை நாளொன்றுக்கு மூன்று தம்ளர் அருந்தினார். குடித்த அளவை அன்றன்றே இனிப்புத் தேநீரால் நிரப்பினார். சில வாரங்களில் மாத்திரையை விட்டுவிட்டார். வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் மாதம் ஒரு விடியற்காலையில் மகன் எங்களை அழைத்தார். அத்தைக்கு நாக்கு வறண்டு, பேச்சுக் குழறி, ஆளை அடையாளம் தெரியாத நிலை. மருத்துவமனையில் எடுத்த அளவு 400-ஐத் தாண்டியிருந்தது. ஆறு நாள் கிடந்து மீண்டார். மூன்றாம் நாள் கண் தெளிந்தபோது எங்களைப் பார்த்து, "இத்தனை புளிப்பில் சர்க்கரை எங்கேடா இருக்கப்போகிறது?" என்றார். குற்றம் சாட்டவில்லை, மெய்யாகவே கேட்டார்.

அக்கேள்விக்கு விடை தேடி அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தோம். மூன்று தம்ளர் என்பது 600 மில்லி. அதனை ஈடுசெய்ய ஊற்றிய தேநீரில் சர்க்கரை 48 கிராம். நாள்தோறும் 48 கிராம் உள்ளே செல்கிறது. நுண்ணுயிர்கள் உண்டது போக எஞ்சியது முழுவதும் அத்தையின் தம்ளர் வழியேதான் வெளிவர வேண்டும். வேறு வாயில் அச்சாடிக்கு இல்லை. பாதியை உண்டன என்றே வைத்துக்கொண்டாலும் மிச்சம் 24 கிராம், ஏறக்குறைய ஆறு சிறு கரண்டி. புளிப்பு சர்க்கரையைத் தின்றுவிடுவதில்லை. நாவிலிருந்து மறைக்கிறது, அவ்வளவே. எலுமிச்சைச் சருபத்தில் எத்தனை கரண்டி போடுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். மாத்திரையை விட்டதே பெருங்கேடு என்றார் மருத்துவர். உண்மைதான். ஆயினும், மாத்திரையை விடும் துணிவை அவருக்குத் தந்தது எங்கள் சாடி.

தொடர்முறையில் உள்ள இக்குறையை எவரும் எங்கட்குச் சொல்லவில்லை. நாங்களும் பிறர்க்குச் சொல்லவில்லை. ஒரு முறை ஊற்றி முற்றும் புளிக்க விடுபவர், எத்தனை நாள் ஆயிற்று என்று அறிவார். தொடர்சாடியிலோ நேற்று ஊற்றியதும் சென்ற திங்கள் ஊற்றியதும் ஒன்றாய்க் கலந்து நிற்கின்றன. ஆகவே தேநீர் ஊற்றிய பின் ஐந்து நாளேனும் குழாயைத் திறவாதிருப்பதும், ஒரு முறைக்கு நாலில் ஒரு பங்கிற்கு மேல் பிடியாதிருப்பதும் எங்கள் வீட்டில் இப்போது விதி. அப்போதும் சர்க்கரை அறவே இராது என்று சொல்வதற்கில்லை.

இன்னும் ஒன்று. இதில் சிறிதளவு சாராயம் உண்டு. அமெரிக்காவில் 2010-இல் சில புட்டிகளில் அரை விழுக்காட்டிற்கு மேல் இருக்கக்கூடும் என்று ஐயுற்றுக் கடைகளிலிருந்தே அப்புறப்படுத்தினர். வீட்டுச் சாடியில் அளந்து பார்ப்பார் யார்? பழச்சாறு கலந்து மூடியை இறுக்கி வைத்தால் இன்னும் ஏறும். புட்டி வெடிப்பதும் உண்டு. விரதம் காக்கும் பெரியோர்கள் அறிந்து முடிவு செய்துகொள்க. கருவுற்ற பெண்டிர்க்கும், பச்சிளங் குழந்தைகட்கும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர்க்கும் நாங்கள் கொடுப்பதில்லை. முகம் கோணினாலும் கொடுப்பதில்லை.

அத்தை இப்போது நலமாக இருக்கிறார். சாடியைத் திருப்பித் தந்துவிட்டார், நீர்மோருக்கு மீண்டுவிட்டார். எங்கள் வீட்டிற்கு வரும்போது மட்டும் "எப்படி இருக்கிறான் உங்கள் பிள்ளை?" என்று சாடியின் அருகே சென்று பார்ப்பார். நாங்கள் அதனைக் கைவிடவில்லை. ஆறு மாதத்திற்கு ஒரு முறை முழுவதும் வடித்து, அடியில் படிந்த பழுப்பு நிறக் கசடைக் கழுவி, தடித்துப்போன ஏடுகளில் மேலிரண்டை மட்டும் வைத்துக்கொள்கிறோம். மாலையில் ஆளுக்கு அரைத் தம்ளர். சுவைக்காகக் குடிக்கிறோம்.

இதற்கு முன் எங்களிடம் உறை வாங்கிச் சென்றவர்கள் இந்த அவையில் பதினெட்டுப் பேர் இருக்கிறீர்கள். வாயிற்புறத்து மேசையில் உங்களுக்காக ஒரு துண்டுத்தாள் வைத்திருக்கிறோம். சர்க்கரைக் கணக்கும், குழாய் பற்றிய செய்தியும் அதில் உள்ளன. மாத்திரை உண்போர் மருத்துவரைக் கேளாமல் தொடங்க வேண்டா என்பது முதல் வரியிலேயே இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் படித்துக் காட்டுங்கள். புதிதாக உறை வேண்டுவோர் வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல் வரலாம். அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டி கொண்டுவருக. தகர மூடி வேண்டா, துணியும் நூலும் நாங்களே தருகிறோம்.