கட்டடம் கொடுப்பவர் உண்டு, சம்பளம் கொடுப்பவர் யார்?

(நமது நாக்பூர் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

காரியதரிசி என்னிடம், "மாமா, ரிடையர் ஆன பிறகு நீங்கள் செய்த சேவையைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள்" என்றார். சேவை என்பது பெரிய வார்த்தை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும், அதற்குப் பிறகு என்ன மாற்றிக்கொண்டோம் என்பதைப் பற்றியும் பேசுகிறேன். உங்களில் சிலருக்காவது அது உபயோகப்படும்.

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. மத்திய அரசின் தணிக்கைத் துறையில் சேர்ந்து, 36 வருஷம் பிறர் எழுதிய கணக்கில் தப்பு கண்டுபிடித்தேன். 2010-ல் ஓய்வு பெற்றேன். மறு வருஷமே, இங்கிருந்து 60 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கிராமத்து தர்ம ஆஸ்பத்திரியில் கௌரவப் பொருளாளராக இருக்கும்படி கேட்டார்கள். இருபது படுக்கை. நடத்துபவர்கள் டாக்டர் தம்பதி. ஒன்பது டிரஸ்டிகள். பருத்தியும் சோயாபீனும் விளையும் பூமி. ஊர் பெயரைச் சொல்லப் போவதில்லை.

இப்படிப்பட்ட அழைப்பு நம்மவர்களுக்கு நிறைய வரும். பாங்க், ரயில்வே, தணிக்கை என்று கணக்கில் ஊறியவர்கள் நாம். பென்ஷன் வருகிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது. "மாசம் ஒரு தடவை வந்து கையெழுத்துப் போட்டால் போதும், ஸார்" என்பார்கள். அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் பேச்சு.

முதலில் அந்த ஆஸ்பத்திரியின் வரவு செலவைச் சொல்கிறேன். 2013 வாக்கில் மாதச் செலவு சுமார் 6 லட்சம் ரூபாய். அதில் பாதிக்கு மேல் சம்பளம். மீதி மருந்து, மின்சாரம், டீசல். நோயாளிகளிடமிருந்து வருவது சுமார் 4 லட்சம். இடைவெளி 2 லட்சம். அதை நன்கொடை நிரப்பும். ஆபத்துக்கு என்று பாங்கில் 18 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட். அதாவது மூன்று மாதச் செலவு.

இந்த 4 லட்சமும் மாதா மாதம் சீராக வராது. விதர்ப விவசாயி கையில் பணம் புரள்வது தீபாவளியை ஒட்டி, அறுவடைக்குப் பிறகு. ஜூலை முதல் செப்டம்பர் வரை விதை, உரம் என்று போட்டுவிட்டு வெறுங்கையோடு இருப்பார். மலேரியா, டெங்கு, பாம்புக்கடி எல்லாம் வருவதும் அதே மாதங்களில்தான். ஆஸ்பத்திரிக்குச் செலவு ஏறும்போது வரவு இறங்கும். சேவாகிராம் ஆஸ்பத்திரிக்காரர்கள் இதைப் பல வருஷங்களுக்கு முன்பே புரிந்துகொண்டவர்கள். சுற்றுக் கிராமத்து ஜனங்களிடம் அறுவடைச் சமயத்தில் சோளமாகவே சந்தா வாங்கி, வருஷம் முழுவதும் வைத்தியம் பார்க்கும் ஏற்பாடு செய்தார்கள். எங்கள் ஊரில் அந்த யோசனை யாருக்கும் வரவில்லை. நாங்கள் நம்பியிருந்தது அந்த 18 லட்சத்தை.

2013 கடைசியில் ஒரு பெரிய மனுஷர் வந்தார். காலமான தாயார் பெயரில் இருபது படுக்கையுள்ள மாடிக் கட்டடம் கட்டித் தருகிறேன் என்றார். தொகை 60 லட்சம். கமிட்டியில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரே ஒரு ஆள் தயங்கினார், அது டாக்டரம்மா. "கட்டடம் வரும், நர்ஸ் எங்கிருந்து வருவாள்?" என்று கேட்டார். "தெய்வம் கொடுக்கிறபோது வேண்டாம் என்று சொல்லலாமா?" என்று பதில் சொன்னவன் நான்.

கட்டடம் பாதியில் இருக்கும்போதே 60 லட்சம் போதாது என்று தெரிந்தது. மின் இணைப்பு, கழிவுநீர்த் தொட்டி, தீயணைப்பு ஏற்பாடு, கட்டில், மெத்தை. இன்னும் 15 லட்சம் வேண்டும். மறுபடியும் கொடையாளரிடம் போகக் கூச்சம். டெபாசிட்டிலிருந்து எடுக்கத் தீர்மானம் போட்டோம். செக்கில் என் கையெழுத்து. 2015 அக்ஷய திருதியை அன்று திறப்பு விழா, பளபளவென்று சலவைக்கல் பலகை, மாலை மரியாதை.

அதன் பிறகு மாதச் செலவு எட்டரை லட்சமாயிற்று. நோயாளிகள் தந்தது ஐந்து லட்சம். நன்கொடை அதே இரண்டு லட்சம். மாதம் ஒன்றரை லட்சம் துண்டு விழுகிறது. கையில் மிச்சம் 3 லட்சம். எத்தனை மாதம் தாங்கும்? இரண்டு மாதம். ஐந்தாம் வகுப்புப் பையன் போடும் கணக்கு. 36 வருஷம் தணிக்கை செய்த நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

ஜூலையில் சம்பளம் தாமதம். ஆகஸ்டில் இரண்டு மாத பாக்கி. பயிற்சி பெற்ற ஐந்து நர்ஸுகளில் மூன்று பேர் நகரத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். இருந்த இருவரை வைத்து இரவில் பிரசவ அறையை நடத்த முடியாது என்று டாக்டரம்மா மூடிவிட்டார். மேலே புது வார்டில் இருபது கட்டில் காலி. கீழே பிரசவ அறைக்கு இரவில் பூட்டு.

செப்டம்பரில் ஒரு நாள் நடுராத்திரி, எங்களிடமே மாதா மாதம் பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை வலியோடு அழைத்து வந்தார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, முதலுதவி செய்து, ஜீப்பில் ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மழை, மோசமான ரோடு. தாய் பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை. இரவு நர்ஸ் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று நான் பின்னால் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. அந்த "சொல்ல முடியாது" இன்னும் என்னோடு இருக்கிறது.

நவம்பரில் நான் கணக்குப் பார்க்கப் போயிருந்த அன்று, அந்தப் பெண்ணின் கணவர் வந்தார். சோயாபீன் விற்ற பணம் வந்துவிட்டதாம். பரிசோதனை பாக்கி 300 ரூபாயைக் கட்ட வந்திருக்கிறார். வேண்டாம் என்றேன். கடன் வைக்கக் கூடாது என்று மேஜைமேல் வைத்தார். ரசீதை நான்தான் எழுதிக் கொடுத்தேன். என் உத்தியோக காலத்தில் எத்தனையோ கோடிகளுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறேன். அந்த 300 ரூபாய் ரசீதுக்குக் கை நடுங்கிற்று.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ராஜினாமாவை நீட்டினேன். டாக்டர் வாங்கவில்லை. "ஓடிப்போகாமல் சரி செய்துவிட்டுப் போங்கள்" என்றார். மாடி வார்டை மூடினோம். மிச்சமான பணத்தில் நர்ஸுகளின் பாக்கியை முதலில் தீர்த்தோம். 2016 ஜனவரியில் இரவுப் பிரசவ அறையைத் திறந்தோம். பிறகு சில விதிகளை எழுதி வைத்தோம். அவற்றைச் சொல்கிறேன்.

முதல் விதி: ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை தனி டெபாசிட்டில் இருக்க வேண்டும். கட்டடத்துக்கோ இயந்திரத்துக்கோ அதைத் தொடக் கூடாது. இதற்குச் சட்டம் இடம் கொடுக்குமா என்று சிலர் கேட்பார்கள். கொடுக்கும். தர்ம ஸ்தாபனம் தன் வருமானத்தில் நூற்றுக்கு 85 பங்கைத் தர்ம காரியத்தில் செலவிட வேண்டும். 15 பங்கை நிபந்தனையில்லாமல் சேர்த்து வைக்கலாம். அதற்கு மேலும் வேண்டுமானால், இன்ன காரியத்துக்கு என்று எழுதிக் கொடுத்து ஐந்து வருஷம் வரை வைத்திருக்கலாம்.

இரண்டாவது: எந்தப் பொருளை யார் கொடுத்தாலும், ஐந்து வருஷத்துக்கு அதை நடத்த என்ன செலவு என்று ஒரு தாளில் எழுதாமல் வாங்கக் கூடாது. ஸோனோகிராஃபி மெஷின் ஒன்று தருகிறேன் என்றார் ஒருவர். 1994-ம் வருஷத்துக் கருப் பாலினப் பரிசோதனைத் தடைச் சட்டத்தின் கீழ் பதிவு, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம், தகுதியுள்ள டாக்டர், வருடாந்திரப் பராமரிப்பு. எல்லாவற்றையும் கூட்டிக் காட்டினோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மெஷினோடு மூன்று வருஷப் பராமரிப்பையும் ஏற்றார். கேட்டால் கொடுப்பார்கள், நாம் கேட்பதில்லை.

மூன்றாவது: தேய்மானம். தானமாக வந்த மெஷினுக்குத் தேய்மானம் எதற்கு என்பார்கள். தானமாக வந்தாலும் மெஷின் தேயத்தான் செய்யும். வரிக் கணக்கு எப்படியிருந்தாலும், மாற்று இயந்திரத்துக்கு வருஷா வருஷம் ஒரு தொகையை ஒதுக்க வேண்டும்.

நான்காவது: டிரஸ்டியின் உறவினர் ஆஸ்பத்திரிக்கு எதையும் விற்கக் கூடாது. டிரஸ்டி சீட்டெழுதிக் கொடுத்து யாருக்கும் சலுகை வாங்கக் கூடாது. யாருக்கு இலவசம் என்பதை எழுதிய விதிப்படி, அன்றைக்கே, ஆஸ்பத்திரி ஊழியரே தீர்மானிப்பார். ஏழை ஒருவர் கமிட்டி மெம்பரைத் தேடி அலையக் கூடாது.

ஐந்தாவது: மருந்து இருப்பு. இதில் என் பழைய உத்தியோக புத்தி எனக்கே எதிரியாக இருந்தது. காலாவதியான சரக்கைக் கண்டால் ஆட்சேபணை எழுதிப் பழகியவன். பாம்புக்கடிக்கு ஆரம்பத்திலேயே 8 முதல் 10 குப்பி விஷமுறி மருந்து ஏற்ற வேண்டும் என்பது தேசிய வழிமுறை. இரண்டு பேர் ஒரே ராத்திரியில் வந்தால் இருபது குப்பி. ஆகையால் வருஷத்தில் சில குப்பி காலாவதியாகும். அது நஷ்டக் கணக்கில் வரும், வரட்டும். தீயணைப்பு வண்டி சும்மா நிற்கிறது என்று யாரும் ஆட்சேபணை எழுதுவதில்லையே.

ஆறாவது: மாதா மாதம் ஒரே ஒரு தாள். கையிலுள்ள பணம் எத்தனை நாள் சம்பளத்துக்குப் போதும், எத்தனை பிரசவம், எத்தனை உள்நோயாளி, எவ்வளவு சலுகை கொடுத்தோம், எந்த நர்ஸ் இடம் காலி, அரசுத் திட்டத்திலிருந்து வர வேண்டிய பாக்கி எத்தனை நாள் பழசு. கெமிஸ்ட்ரியில் சொல்வது போல, உள்ளே போனதும் வெளியே வந்ததும் மிச்சமும் சரிக்கட்ட வேண்டும். எல்லா டிரஸ்டியும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அரசுத் திட்டம் என்றேன். 2018 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் ஆரம்பித்தது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. 2024 அக்டோபரிலிருந்து 70 வயதானவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் உண்டு. இங்கேயே பலர் கார்டு வாங்கியிருப்பீர்கள். நல்ல திட்டம். ஆனால் அது படுக்கையில் சேர்ந்து பெறும் வைத்தியத்துக்கு. எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் காலையில் வந்து மத்தியானம் திரும்புகிற வெளிநோயாளிகள். தவிர, பில் அனுப்பியதும் பணம் வந்துவிடாது. வராத பணத்தை வந்ததாக நினைத்துச் செலவழிக்கும் ஆஸ்பத்திரி சீக்கிரம் மூழ்கும்.

"அரவிந்த் மாதிரி நடத்தலாமே" என்று சிலர் கேட்பார்கள். 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி ஆரம்பித்தது; பணம் கொடுப்பவர்களின் வரவில் ஏழைகளுக்கும் கண் கிடைக்கிறது. கை கூப்ப வேண்டிய ஸ்தாபனம். ஆனால் காடராக்ட் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கலாம். ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்யலாம். பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் தேதி குறிக்க முடியாது. ஒரே ஒரு நோயாளிக்காக ராத்திரி முழுவதும் நர்ஸ் விழித்திருக்க வேண்டும். யாரும் வராத ராத்திரிக்கும் சம்பளம் உண்டு. கிராம ஆஸ்பத்திரிக்கு எப்போதும் இடைவெளி இருக்கும் என்று ஒப்புக்கொண்டுதான் பட்ஜெட் போட வேண்டும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். சஷ்டியப்தபூர்த்தி, சதாபிஷேகம், அப்பா அம்மா திதி என்று தானம் செய்யாத குடும்பம் நம்மில் குறைவு. கட்டில் கொடுக்கிறோம், ஃபேன் கொடுக்கிறோம், பெயர் எழுதுகிறோம். தப்பில்லை. இனிமேல், "எந்தச் செலவுக்கு உங்களிடம் பணம் இல்லை?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். பெரும்பாலும் சம்பளம் என்பார்கள். அதைச் சிறிய தொகையானாலும் மாதா மாதம் பாங்க் மூலமாகக் கொடுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிக் கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி என்று நாம் பழகிய கழிவே கிடையாது. 2023 ஏப்ரலிலிருந்து புதிய முறைதான் இயல்பான முறையாகவும் ஆகிவிட்டது. அதனால் நன்கொடை குறைவதைக் கண்ணால் பார்க்கிறேன். கழிவு போனால் தர்மமும் போக வேண்டுமா?

டிரஸ்டியாக அழைத்தால் போங்கள். போனால், மாலை போட்டுக்கொள்ளும் கூட்டத்துக்கு முன்னால் கணக்குத் தாளைக் கேளுங்கள். டாக்டரம்மா மாதிரி ஒருவர் தயங்கிக் கேள்வி கேட்டால், அவர் பேசி முடிக்கும் வரை காத்திருங்கள்.

நான் 2019-ல் ஒரு இளைய ஆடிட்டரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டேன். ஆறு மாதச் சம்பள டெபாசிட் அப்போது நிரம்பியிருந்தது. மாடியில் பத்து கட்டில் மட்டும் திறந்திருக்கிறது. மீதிக்கு நர்ஸ் கிடைத்ததும் திறப்பார்கள். அவசரமில்லை. கீழே இரவு விளக்கு எரிகிறது, அது போதும்.