சரித்திரப் பாடமும் ஒரு சட்டைக் கிழிசலும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கரக்பூர் ரயில்வே காலனியில் பட்டம் பெற்ற பெரியோர் பலர் இருக்க, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பார்சல் ஆபீஸ் குமாஸ்தா ஒருவன் கல்வியைப் பற்றிப் பேச வந்தது துணிச்சலே. ஞாயிறுதோறும் சங்கக் கூடத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் பணியை என்னிடம் ஒப்படைத்தீர்கள். அதில் நான் செய்த பிழை ஒன்றையே இன்று கூற விழைகின்றேன்.

சோழர் பாடம் வந்தது. முதலாம் இராசேந்திரனின் கங்கைப் படையெடுப்பில் தண்டபுத்தி என்றொரு நாடு குறிக்கப்படுகிறது. அது இந்த மேதினிப்பூர்ப் பகுதியில், பாலாசோர் மார்க்கத்திலுள்ள தாந்தனைச் சுற்றிய நிலமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. எனக்கு உற்சாகம் கரைபுரண்டது. "நீங்கள் பந்தாடும் இந்தச் சீமையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் அரசன் வென்றான்!" என்று முழங்கினேன். பிள்ளைகள் கைதட்டினர்.

மறுநாள் மாலை ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் சட்டை கிழிந்து வந்து நின்றான். என் முழக்கத்தை அவன் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளிப் பையனிடம் முழங்கியிருக்கிறான். ஒரே சைக்கிளில் பள்ளிக்குப் போய்வந்த இருவருக்கும் பேச்சு அற்றுப்போயிற்று. சமாதானம் செய்யப் போன என்னிடம் அந்த வங்காளிப் பையன் ஒன்றே ஒன்று கேட்டான்: "காகு, வென்றதாக எழுதிவைத்தது யார்?"

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. பார்சலில் சாமான் குறைந்ததென்று ஒரு வியாபாரி நஷ்டஈடு கேட்டால், அனுப்பிய ஸ்டேஷனின் கணக்கையும் சேர்ந்த ஸ்டேஷனின் கணக்கையும் ஒத்துப்பாராமல் நாங்கள் ஒரு பைசா கொடுப்பதில்லை. சரித்திரத்தில் மட்டும் ஒரு பக்கத்துச் சீட்டைக் கொண்டே கணக்கை முடித்துவிட்டேனே!

அடுத்த ஞாயிறு அந்த வங்காளிப் பையனையும் அழைத்து உட்காரவைத்தேன். எழுதியவர் யார், எப்பொழுது, எதற்காக என்று கரும்பலகையில் எழுதினேன். போளூரை அடுத்த திருமலையில், சுமார் 1025-ஆம் ஆண்டில் பாறையில் வெட்டிய கல்வெட்டை எடுத்துக்கொண்டோம். தண்டபுத்தித் தன்மபாலன், வங்காளத்துக் கோவிந்தசந்திரன், மகிபாலன் என்று தோற்றவர் பெயர்களை மெய்க்கீர்த்தி அடுக்குகிறது. ஆனால் கல்வெட்டின் விஷயம் போரே அன்று! வணிகர் ஒருவரின் மனைவி சாமுண்டப்பை, அம்மலைச் சமணக் கோயிலுக்கு விளக்குக்கும் படையலுக்கும் பொருள் கொடுத்த செய்தி அது. (நம் ஆபீஸ் கடிதங்களிலும் முகவுரை நீண்டு, விஷயம் இரண்டு வரியில் முடிவதுண்டு.) "அந்த அம்மாளுக்குச் சொந்தமாகப் பணம் இருந்ததா, மாமா?" என்றாள் ஒரு சிறுமி. அரசர் பட்டியல் ஒப்பிக்கையில் ஒருநாளும் வாய் திறவாதவள் அவள்.

தோற்ற மகிபாலன் குலம் என்னவாயிற்று என்றான் வங்காளிப் பையன். பால வம்சம் 12-ஆம் நூற்றாண்டு வரை ஆண்டது. சோழர் இங்கே தங்கி ஆட்சி செய்யவில்லை. இதைக் கேட்டு நம் பிள்ளைகளின் முகம் சற்று வாடியது உண்மை. எனினும் கங்கைகொண்ட சோழபுரம் பொய்யாகிவிடவில்லை என்றேன். ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டா என்று நான் சொல்லவில்லை, பரீட்சையில் கேட்பார்கள்.

தாந்தனை அடுத்த மொகல்மாரியில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தார் 2003 முதல் அகழ்ந்து, பழைய பௌத்த விகாரம் ஒன்றை வெளிக்கொணர்ந்தனர். இராசேந்திரன் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது அது. குளிர்கால விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்துள்ளனர். அவர்களில் இருவர் அருகருகே இடம் வேண்டும் என்கின்றனர். வங்காளிப் பையனின் தாயார் லூச்சி செய்து தருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். புளியோதரைக்கு யார் பொறுப்பேற்பது என்பதைத் தாய்மார்கள் இன்றே செயலாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன்.