தொழில் தருவோரும் இளைஞரும்
(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் ஆடியில் திரௌபதை அம்மன் தீமிதிப்பு விழா நெருங்கும்போது, கொழும்பிலும் சிலாபத்திலும் புத்தளத்திலும் வேலைக்கு நிற்கும் நம் பிள்ளைகள் ஊர் திரும்புகின்றார்கள். விழா முடிந்தபின் அவர்களிற் சிலர் நின்ற இடத்திற்குத் திரும்புவதில்லை. "இக்காலத்துப் பிள்ளைகள் ஓரிடத்தில் நிலைக்கமாட்டார்கள்" என்று முதலாளிமார் குறைப்படுகின்றார்கள். கரைவலைச் சம்மாட்டிமாரும் அதையே சொல்கின்றார்கள். இக்குறை முழுவதும் பிள்ளைகளுடையதுதானா என்பதைச் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

நாமறிந்த பிள்ளை ஒருவன் பட்டணத்துக் கடையொன்றில் ஆறு ஆண்டுகள் நின்றான். நியமனக் கடிதம் இல்லை. காலையில் கடை திறப்பவனும் இரவில் பூட்டுபவனும் அவனே. மாதச் சம்பளம் ஒருநாளும் முழுதாகக் கைக்கு வந்ததில்லை; "கணக்கில் இருக்கிறது" என்பதே பதில். தாயாருக்குச் சுகமில்லையென்று நான்கு நாள் லீவு கேட்டான். "போனால் திரும்பி வராதே" என்றார்கள். அவன் போனான், திரும்பவில்லை. ஆறு ஆண்டுகளுக்குச் சேமலாப நிதியில் ஒரு சதமும் கட்டப்படவில்லை என்பது பின்னரே தெரிந்தது. தொழில் முழுவதும் கற்ற ஒருவனை அந்தக் கடை நான்கு நாள் லீவுக்காக இழந்தது. இதில் நிலைக்காதவர் யார்?

பிள்ளைகள் கடின வேலைக்கு அஞ்சுகின்றார்கள் என்பதும் சரியன்று. கரைவலை இழுப்பதைவிடக் கடினமான வேலை ஏது? வெயிலில் மணல் கொதிக்க, அம்பா பாடி வடம் இழுத்தவர்கள் நம் பாட்டன்மார். அவர்களை அவ்வேலையில் நிறுத்தியது எது? மடி கரையேறியதும் மீன் எல்லார் கண்முன்னும் குவிந்தது. விலை பேசுவது எல்லார் காதிலும் விழுந்தது. செலவு கழித்து மிச்சம் பங்காயிற்று. பாடு குறைந்த நாளிற் பங்கும் குறைந்தது; ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் இல்லை. கணக்கு மறைந்த இடத்திலும், முற்பணத்தால் ஆளைக் கட்டிவைத்த இடத்திலும் கதை வேறு. கடனாற் கட்டப்பட்டவன் கடன் தீர்ந்த அன்றே போய்விடுவான்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சங்கதியன்று. அமெரிக்காவில் மோட்டார் வண்டி செய்த ஹென்றி போர்ட், 1913 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14,000 பேர் நிற்கவேண்டிய தொழிற்சாலைக்கு 52,000 பேருக்கு மேல் சேர்க்க நேர்ந்தது. வந்தவர்கள் வந்த வேகத்திற் போனார்கள். 1914 ஜனவரியில் நாட்சம்பளத்தை ஏறக்குறைய இரட்டித்து 5 டொலராக்கி, ஒன்பது மணி நேர வேலையை எட்டாகக் குறைத்தார். அதற்கு அவர் விதித்த நிபந்தனைகள் யாவும் ஏற்கத்தக்கனவல்ல. எனினும் வேலைக்கு ஆட்கள் திரண்டனர். விட்டுப் போவோர் தொகை பெரிதும் குறைந்தது.

நம் நாட்டிலும் வழி எப்போதோ வகுக்கப்பட்டுவிட்டது. 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வரையறுத்தது. லீவையும் மேலதிக வேலைக்குரிய கொடுப்பனவையும் உரிமையாக்கியது. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சேமலாப நிதிக்கு ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளி நூற்றுக்கு 12 செலுத்தவேண்டும். நம்பிக்கை நிதியத்திற்கு முதலாளி மட்டும் நூற்றுக்கு 3 செலுத்துவது 1980 இல் வந்தது. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்தாண்டு நின்றவருக்குப் பணிக்கொடை உண்டு என்றது 1983 ஆம் ஆண்டுச் சட்டம். இவற்றைத் தருமம் என்று எண்ணுதல் தவறு. இவை சம்பளத்தின் பகுதியே.

இறால் பண்ணைகளை எண்ணிப் பாருங்கள். 1996 இல் வெண்புள்ளி நோய் நம் மாவட்டத்துப் பண்ணைகளை எப்படி அழித்தது என்பதைப் பெரியோர் அறிவார்கள். குளம் வற்றியபின் முதலாளிக்கு நிலமாவது மிஞ்சும். இரவு முழுதும் காவல் நின்ற பிள்ளைக்குச் சேமலாப நிதியும் இல்லையேல் என்ன மிஞ்சும்?

ஆகவே, வலையும் கடையும் பண்ணையும் உடைய பெரியோர்களைப் பணிவுடன் வேண்டுகின்றோம். பேசிய சம்பளத்தைப் பேசிய நாளிற் கொடுங்கள். கணக்கை எழுதிக் காட்டுங்கள். நோய்க்கும் திருநாளுக்கும் லீவு கொடுங்கள். தவறு கண்டால் வாடிக்கையாளர் முன்னே ஏசாது, தனியே அழைத்துத் திருத்துங்கள். இவற்றுட் சில பணமே கேளாதவை. புது ஆளைத் தேடிப் பழக்கும் செலவோ ஆண்டுதோறும் வருவது.

வாலிபர்களே, உங்களுக்கும் ஒரு சொல். நியாயம் கேட்பவன் நியாயம் நடக்கவும் வேண்டும். விட்டுப் போவதானால் முன்கூட்டிச் சொல்லுங்கள்; ஒப்புக்கொண்ட வேலையைக் குறைவின்றிச் செய்யுங்கள். வேலைக்குச் சேரும்போதே கடிதம் கேளுங்கள்; சம்பளத் துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள்; சேமலாப நிதியிற் பணம் சேர்கின்றதா என்று பாருங்கள். சேராவிடில் தொழில் திணைக்களத்தில் முறையிட வழியுண்டு. அந்த மனுவை எழுதிக் கொடுப்பதும், உடன் போவதும் நம் மன்றம் செய்யத்தக்க தொண்டு என்று கருதுகின்றோம்.

அடுத்த ஆடியில் ஊர் வரும் பிள்ளை, விழா முடிந்ததும் மனமொப்பித் தன் வேலைக்குத் திரும்புவானாயின், அது அவனுக்கும் நன்று. அவனை வைத்திருப்பவருக்கும் நன்று.