என்ட்ரன்ஸில் தவறிய கோபிசந்த்

(பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



விளையாட்டைப் பற்றிப் பேசு, பத்தே நிமிஷம் என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே ஒரே ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன். புல்லேலா கோபிசந்த். சாய்னா, சிந்துவின் கோச் என்றுதான் இன்றைய மாணவர்களுக்குத் தெரியும். நான் சொல்லப் போவது அதற்கு முந்தைய கதை.

1973-ல் ஆந்திராவில் பிறந்தவர். சின்ன வயதில் ஆசை என்னவோ கிரிக்கெட் மேல்தான். அண்ணன் தூண்டுதலால் ஷட்டிலுக்கு வந்தார். ஹைதராபாத்தில் எஸ்.எம். ஆரிஃப்பிடம் பயிற்சி. அண்ணனும் நன்றாக ஆடியவர். அவர் ஐ.ஐ.டி. தேர்வு எழுதினார், தேறினார், ஆட்டத்தை விட்டார். தம்பி இன்ஜினியரிங் என்ட்ரன்ஸ் எழுதினார், தேறவில்லை, ஆட்டத்தைத் தொடர்ந்தார். படிப்பு வராதது தன் அதிர்ஷ்டம் என்று கோபிசந்தே சொல்லிச் சிரிப்பது வழக்கம். (எங்கள் செட்டுக்கு என்ட்ரன்ஸே கிடையாது. கட்-ஆஃப்தான். சீனியர்கள் என்னை முறைக்க வேண்டாம்!)

ஆனா அது பாதிக் கதைதான் சார். என்ட்ரன்ஸில் தவறிய எல்லாருமா சாம்பியன் ஆனார்கள்? மீதிக் கதை முழங்காலில் இருக்கிறது.

1994, புனே, தேசிய விளையாட்டுப் போட்டி. இரட்டையர் ஆட்டத்தின் நடுவில் முழங்கால் லிகமென்ட் அறுந்து விழுந்தார். வயது இருபது. நான் மெக்கானிக்கல் ஆசாமி, என் பாஷையில் சொல்கிறேன். முழங்கால் ஒரு கீல். கீழ் எலும்பு முன்னால் நழுவாமல் உள்ளே இழுத்துப் பிடித்திருப்பது விரல் நீளம்கூட இல்லாத ஒரு நார். நெட்டில் விழும் ஷட்டிலை எடுக்க ஓடி, ஒரு காலை நீட்டி, சட்டென்று நின்று திரும்புகிறோமே, அப்போது அந்தக் காலில் இறங்குவது உடம்பின் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். பேரிங் போனால் ஸ்டோர்ஸுக்குச் சீட்டு எழுதலாம். இதற்கு ஸ்பேர் கிடையாது. பெரும்பாலும் சொந்த உடம்பிலேயே வேறு இடத்து நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டுப் பொருத்தி, அது பிடிக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கோபிசந்துக்கு ஒரு ஆபரேஷனோடு முடியவில்லை.

1996-ல் அவர் தேசிய சாம்பியன். அதிலிருந்து 2000 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் பட்டம் அவரிடம்தான். பெங்களூரில் பிரகாஷ் படுகோன் அகாடமி அவரைத் தாங்கிப் பிடித்தது. 1998-ல் கோலாலம்பூர் காமன்வெல்த்தில் ஒற்றையர் வெண்கலம். 2001 மார்ச் 11, பர்மிங்ஹாம், ஆல் இங்கிலாந்து இறுதி ஆட்டம். சீனாவின் சென் ஹாங்கை 15-12, 15-6 என்று வென்றார். அதற்கு முன் அந்தப் பட்டம் வாங்கிய இந்தியர் 1980-ல் பிரகாஷ் ஒருவரே. அன்றுதான் கல்கத்தாவில் ஹர்பஜன் ஹாட்ரிக் எடுத்தார். ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்கும் எங்கள் தெருவுக்கும் அது மட்டும்தான் தெரியும்.

எனக்குப் பெரிதாகப் படுவது 2001 அல்ல. 1994-க்கும் 1996-க்கும் நடுவில் இருக்கிறதே, அதுதான். ரெஸ்யூமில் அத்தனை இடைவெளி இருந்தால் இன்டர்வியூவில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வியே, 'இது என்னப்பா?' என்பதுதான். அவருக்குக் கேள்வி கேட்காமல் திரும்பி வர ஒரு கோர்ட் இருந்தது.

நம்ம காலேஜ் இண்டோர் ஹாலுக்கு வருகிறேன். எங்கள் காலத்துச் சிமென்ட் தரை இன்னும் அப்படியே. அப்படிப்பட்ட தரைதான் அவர் காலை அறுத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கட்டைச் சட்டம் அடித்து, மேலே மரப்பலகை, அதன்மேல் சிந்தெடிக் மேட் போட்டால் தரை கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும். அந்த அளவு பாரம் முழங்காலுக்கு மிச்சம். இந்த வருஷம் நினைவுப்பரிசு ஷீல்டு வேண்டாம், அந்தப் பணத்தைத் தரைக்குப் போடலாம் என்பது எங்கள் செட் கருத்து. போதாதுதான், மீதிக்குத்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். எஸ்டிமேட் என் பையில் இருக்கிறது. சிவில்காரர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக் குறை சொல்லுங்கள்.