கண்ணில் அணியும் வர்ணம்

வெள்ளவத்தையில் கலியாண அலங்காரத்துக்கும் கொட்டாஞ்சேனையில் நாட்டிய, நாடக ஒப்பனைக்கும் நீலமும் பச்சையுமான கண்வில்லைகளை அணிவது இந்நாளில் சகஜமாகிவிட்டபடியால், அவற்றை வாங்கும் முறை பற்றிச் சில வார்த்தைகள் பேச வந்திருக்கிறேன்.

வில்லை அமரும் ஸ்தானத்தை முதலில் சிந்தியுங்கள். நடுவிலே ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்பே உடைய விழிவெண்படலம் என்னும் அவ்வற்புத அங்கம், தன் நிர்மலமான தெளிவு கெடாதிருக்கும்பொருட்டு இரத்தக் குழாய் ஒன்றையேனும் தன்னுள் ஏற்காமல், வேண்டிய ஒட்சிசனைக் கண்ணீரினூடே காற்றிலிருந்தே பெரும்பாலும் பெற்றுக்கொள்கிறது. பெரிதும் இதன் காரணமாகவே ஒருவரது படலத்தை இன்னொருவரது தேகம் எளிதில் நிராகரிப்பதில்லை. நேயர்களே, வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தானச் சங்கத்தை ஸ்தாபித்த பின்னர், 1964இல் சிங்கப்பூர் தொடக்கம், இலங்கையின் சாமானிய மக்கள் மரணத்தின் பின் ஈந்த படலங்கள் எத்தனையோ தேசங்களில் அந்தகருக்குப் பார்வை அளித்திருக்கின்றன! இதை எண்ணுந்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது.

அத்தகைய படலத்தின்மேல், வளைவு அளந்து பாராமல் வாங்கிய வில்லை இராமுழுதும் கிடந்தால், காற்றுத் தடைப்பட்டு, மேற்பரப்பு உராய்ந்து, சூடோமோனாஸ் என்னும் பற்றீரியா அப்புண்ணிலே புகுந்து, ஓரிரு தினங்களில் படலத்தையே கரைத்துவிடவும் கூடும். ஒப்பனைக் கடையொன்றில் வாங்கிய வில்லையைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, தோழிக்கும் அணியக் கொடுத்து வாங்கி, வரவேற்பு முடிந்த களைப்பில் அதனோடே உறங்கிவிட்ட மணப்பெண் ஒருத்தி, வெளிச்சத்தைப் பார்க்கமாட்டாமல் கண்ணைப் பொத்தியபடி என்னிடம் வந்து, “பவர் இல்லாத லென்ஸ்தானே, டொக்டர்” என்று அழுதாள். பார்வையைக் காப்பாற்றினோம், தழும்பு நிலைத்துவிட்டது. பவர் இல்லாத வில்லையையும் மருத்துவ சாதனமாகவே கருத வேண்டுமென்று அமெரிக்கா 2005இல் சட்டம் இயற்றியது இத்தகைய துன்பங்களைக் கண்டுதான்.

நேரம் குறுகிவிட்டது. வரும் தை மாதத்துக் கலியாணங்களுக்கு வில்லை தேடுவோர், கண் பரிசோதகரிடம் வளைவை அளப்பித்து, வளைவும் விட்டமும் காலாவதித் திகதியும் அச்சிட்ட, முத்திரை உடையாத பெட்டியாகவே வாங்கி, அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் வாழக்கூடிய குழாய்த் தண்ணீரைத் தவிர்த்து, உரிய திரவத்தாலேயே கழுவி, மையிடுமுன் அணிந்து, உறங்குமுன் கழற்றுவார்களென்று நம்புகிறேன். கண் சிவந்து நொந்தால், வீட்டிலிருக்கும் பழைய சொட்டுமருந்தை விடாமல், வில்லையை அதன் பெட்டியோடு எடுத்துக்கொண்டு அன்றே கண் வைத்தியரிடம் செல்லுங்கள். கிருமி இன்னதென்று அறிய அது உதவும்.