வால்வு ஆம்ப்ளிஃபயரும் எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரும்

(நம் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் அங்கத்தினர் ஒருவருக்கு, அயல்நாட்டில் உத்தியோகம் பார்த்த மாமனாரின் பழைய க்வாட் ஸ்பீக்கர் ஜோடியும் அதனுடைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆம்ப்ளிஃபயர்களைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு, ஸ்பீக்கர்களைத் தன் புது 100 வாட் செட்டில் மாட்டலாம் என்பது அவர் பிள்ளையின் யோசனை. "நீங்கள் பௌதிகம் படித்தவர், சொல்லுங்கள்" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே சொல்கிறேன்.

சாதாரண ஸ்பீக்கரில் காகிதக் கூம்பு, காயில், காந்தம் இருக்கும். எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரில் இவை எதுவும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் தங்க இலை மின்காட்டி பார்த்திருப்போம். ஒத்த மின்னூட்டங்கள் விலக்கும், மாறானவை கவரும். அதே தத்துவம்தான். சில மைக்ரான் கனமே உள்ள பிளாஸ்டிக் படலத்தை இழுத்துக் கட்டி, அதற்குப் பல ஆயிரம் வோல்ட் மின்னூட்டம் கொடுத்திருப்பார்கள். (நம் தலைமுடியே 70 மைக்ரான் இருக்கும்.) முன்னும் பின்னும் துளையிட்ட இரு தகடுகள். சங்கீத சிக்னல் அந்தத் தகடுகளுக்குப் போகும்போது நடுவிலுள்ள படலம் முழுவதும் ஒரே சீராக அசைகிறது. படலத்துக்கு எடையே இல்லாத மாதிரி என்பதால், தம்பூரா மீட்டியதும் எழும் நாதமும் அது அடங்கும் விதமும் அப்படியே வரும்.

இங்கிலாந்தில் ஹன்டிங்டன் என்ற ஊரில் பீட்டர் வாக்கர் என்பவர் தம் க்வாட் கம்பெனியில் இதை வீட்டு உபயோகத்துக்கு ஏற்ற சாதனமாக ஆக்கி, 1957-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த மாடல் 1985 வரை உற்பத்தியில் இருந்தது. அதனுடன் ஜோடி சேர்ந்தது 1953-ல் வந்த க்வாட் 2 என்ற வால்வு ஆம்ப்ளிஃபயர். சக்தி வெறும் 15 வாட்! இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அது தற்செயலான ஜோடி அல்ல.

அந்த ஸ்பீக்கர் தாங்கக்கூடியது உச்சமாக 33 வோல்ட். 15 வாட் ஆம்ப்ளிஃபயர் 16 ஓம் சுமைக்குக் கொடுக்கும் உச்ச வோல்ட் சுமார் 22. கவலையில்லை. 8 ஓமுக்கு 100 வாட் கொடுக்கும் செட்டோ 40 வோல்ட் வரை போகும். ஒரு நாள் வால்யூமைத் திருப்பிவிட்டால் படலத்துக்கும் தகட்டுக்கும் நடுவே பொறி பறந்து, உயர் ஸ்தாயிப் பலகையில் ஓட்டை விழும். ஆகவே பிள்ளையின் யோசனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தது சுமையின் சுபாவம். இரண்டு தகடு, நடுவில் காற்று என்றால் அது கண்டென்ஸர். உள்ளேயுள்ள டிரான்ஸ்ஃபார்மர் அந்தக் கொள்ளளவை ஆம்ப்ளிஃபயருக்குப் பல மடங்காக்கிக் காட்டுகிறது. கணக்குக்காக 4 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 1,000 ஹெர்ட்ஸில் 40 ஓமாக இருப்பது 20,000 ஹெர்ட்ஸில் 2 ஓமாக இறங்கிவிடும். ஆரம்ப கால டிரான்ஸிஸ்டர் செட்டுகள் பல இப்படிப்பட்ட சுமையில் நிலைகொள்ளாமல் தவித்தன. வால்வு செட் அத்தனை சுலபமாக அசையாது என்று அதற்கு நல்ல பெயர் ஏற்பட்டது.

வால்வுக்கும் ஒரு குறை உண்டு. ரசிகர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். அதன் வெளியீட்டுத் தடை அதிகம். அது 2 ஓமாக இருந்தால், நம் கணக்குப்படி 20,000 ஹெர்ட்ஸில் பாதி சக்திதான் மிஞ்சும். பின்புறம் 8 ஓம், 4 ஓம் என்று தனித்தனி முனைகள் உள்ள ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் முனையில் இணைத்தால் இந்தத் தடை பாதியாகும். சக்தியில் 80 சதவீதம் வந்துவிடும். சத்தம் சற்றே குறையும், பாதகமில்லை. நம் வயதில் அந்த ஸ்தாயி காதில் விழாது. வித்தியாசத்தைப் பேத்தியை உட்கார வைத்துத்தான் சோதிக்க வேண்டும். பழைய க்வாட் ஜோடியில் மட்டும் கம்பெனி சொன்ன இணைப்பை மாற்றவேண்டாம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பல வருஷம் பரணில் கிடந்ததை நேராக பிளக்கில் சொருகாதீர்கள். பழைய கண்டென்ஸர் கசிந்தால் வால்வு சிவந்து, விலை உயர்ந்த டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு செட்டை ஓட்டவும் கூடாது. ஸ்பீக்கருக்குள் இருப்பது 6,000 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டம் மிச்சமிருக்கும். பின்பலகையை நாமே திறப்பது உயிருக்கு ஆபத்து. வால்வு வேலை தெரிந்த மெக்கானிக் பார்த்த பிறகே ஸ்விட்ச்.

சென்னை, மும்பை, கொல்கத்தா வாசிகளுக்கு ஈரக்காற்று ஒரு தொந்தரவு. ஈரமும் தூசியும் சேர்ந்தால் மின்னூட்டம் கசிந்து சத்தம் மங்கும். டெல்லி, பெங்களூர்க்காரர்களுக்கு ஈரத் தொல்லை குறைவு, தூசி உண்டு. இந்த ஸ்பீக்கர் பின்பக்கமும் அதே அளவு ஒலிப்பதால் சுவரோடு ஒட்டி வைக்கக்கூடாது. மூன்றடியாவது தள்ளி வையுங்கள். ஃப்ளாட்டில் அந்த இடத்துக்கு மாமியின் சம்மதம் வேண்டும். தவிலைக் கல்யாண மண்டபச் சத்தத்தில் கேட்க விரும்புகிறவர்களுக்கு இது ஒத்துவராது. வாய்ப்பாட்டு, வீணை, புல்லாங்குழல் கேட்பவர்கள் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்காரலாம். ஒரு நாற்காலிதான், பக்கத்தில் தள்ளி உட்கார்ந்தவருக்கு அந்தத் தெளிவு கிடைக்காது.