மாலைக்கண்ணும் ஒரு சுண்டெலியும்

(குடும்ப நலக் கருத்தரங்கில் கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



கண்ணைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். நான் எலியைப் பற்றிப் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தம் 10 வயது மகனை என்னிடம் அழைத்து வந்தார். பகலில் நன்றாகப் பந்து விளையாடும் பையன், விளக்கு வைக்கும் நேரமானால் வாசற்படியில் தடுக்கி விழுகிறான். தாய் பேசத் தொடங்கும் முன்பே அழுதுவிட்டார். "நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது கீரை சாப்பிடவில்லையாம், அதனால்தான் இப்படியாம். அத்தை தினமும் சொல்லிக் காட்டுகிறார், டாக்டர்" என்றார். அந்த அத்தைதான் அவருக்கு மாமியார். சொந்த அத்தை மகனையே மணந்தவர் அவர். வீட்டில் முருங்கைக்கீரையும் கேரட்டும் மீன் எண்ணெய் மாத்திரையும் தவறாமல் நடந்துகொண்டிருந்தன.

மாலைக்கண் என்றதும் வைட்டமின் ஏ குறைவு என்று நினைப்பது தவறன்று. அப்படி வரும் மாலைக்கண் உண்டு. அது உணவுக்கும் மருந்துக்கும் கட்டுப்படும். ஆனால் வேறொரு வகையும் இருக்கிறது. மங்கிய ஒளியில் காண உதவும் கோல் வடிவ உயிரணுக்கள் விழித்திரையில் சிறிது சிறிதாக மடிவதால் வருவது அது. பரம்பரையாக வரும் நோய். தொடக்கத்தில் இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற கிளைட் கீலர் என்பவர், சில வெள்ளைச் சுண்டெலிகளின் விழித்திரையில் கோல் அணுக்களே இல்லை என்பதைக் கண்டு 1924-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அது பரம்பரைக் குறை என்பதையும் காட்டினார். குறையுள்ள மரபணுவைத் தாயும் தந்தையும் ஆளுக்கொன்றாகத் தந்தால்தான் குட்டிக்குப் பார்வை போகும். ஒருவர் மட்டும் தந்தால் கேடில்லை. அப்படி ஒன்றைச் சுமக்கும் இரண்டு எலிகள் சேர்ந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு 4-இல் 1. ஒரே கூண்டு, ஒரே தீனி, ஒரே தாய்ப்பால். ஒரு குட்டிக்குப் பார்வை போகிறது, அதன் பக்கத்தில் படுத்திருக்கும் குட்டி நன்றாக இருக்கிறது. இதைத்தான் அந்தத் தாயிடம் சொன்னேன். கீரையின் மேல் பழி போட இடமே இல்லை.

கீலரின் எலி வம்சம் பின்னர் அற்றுப்போயிற்று. 1951-இல் சுவிட்சர்லாந்தில் புரூக்னர் என்பவர் அதுபோன்ற எலிகளை மீண்டும் கண்டார். குறை எந்த மரபணுவில் என்பது 1990-இல் தெரிந்தது. பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏறக்குறைய 70 ஆண்டுகளுக்கு முன் கீலர் கண்ணாடித் தகடுகளில் பதித்து வைத்திருந்த விழித்திரைத் துண்டுகளிலிருந்தே மரபுப்பொருளை எடுத்துச் சோதித்தார்கள். அதே குறை! 1993-இல் வந்த அந்தக் கட்டுரையில், 90 வயதைக் கடந்துவிட்ட கீலரின் பெயரும் இருந்தது. அதே ஆண்டில், அதே மரபணுவின் கோளாறு சில மனிதக் குடும்பங்களிலும் கண்டறியப்பட்டது.

இந்த எலிகளுக்குப் பிறந்த 3 வாரங்களில் கோல் அணுக்கள் ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிடும். மனிதரிடம் பல ஆண்டுகள் மெல்ல நடப்பதை ஆய்வாளர் ஒரு மாதத்திற்குள் பார்த்துவிடுகிறார். ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக வளர்க்கும் சில எலி வகைகளிலும் இக்குறை ஒளிந்திருக்கிறது. ஞாபகசக்திச் சோதனையில் தோற்ற எலியை மந்தபுத்தி என்று எழுதிவிடலாம். பாவம், அதற்குக் கண் தெரியாது. பள்ளிகளில் நம் பிள்ளைகளுக்கும் இது நேர்கிறது.

முருங்கைக்கீரைக்குத் திரும்புகிறேன். ஆர்.பி.இ.65 என்று ஒரு மரபணு உண்டு. வைட்டமின் ஏ-யைப் பார்வைக்கு ஏற்ற வடிவமாக மாற்ற அது வேண்டும். அது நீக்கப்பட்ட சுண்டெலிகளைப் பற்றி 1998-இல் எழுதினார்கள். தீனியில் வைட்டமினுக்குக் குறைவில்லை, கண்ணிலும் சரக்கு குவிந்துகொண்டே போகிறது. பயன்படும் வடிவம் மட்டும் இல்லை. அரிசி மூட்டை நிறைந்திருந்தும் அடுப்பு எரியாத வீடு மாதிரி. இதே கோளாறுடைய பிரியார்ட் இன நாய்களின் கண்ணில் நல்ல மரபணுவைச் செலுத்திப் பார்வை வரச் செய்ததை 2001-இல் அறிவித்தார்கள். 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அது மனிதருக்கான மருந்தாக அனுமதி பெற்றது. அறிமுக விலை இரு கண்களுக்கும் 850,000 அமெரிக்க டாலர். அதுவும் இந்த ஒரு மரபணுக் கோளாறுக்கு மட்டுமே. உயிருள்ள அணுக்கள் மிஞ்சியிருந்தால் மட்டுமே.

"எலிக்குப் பார்வை வந்தது" என்று பத்திரிகையில் படித்துவிட்டு வீட்டை விற்கக் கிளம்பாதீர்கள். நம் விழித்திரையின் நடுவே கூர்மையான பார்வைக்கென உள்ள மஞ்சள் புள்ளி எலிக்குக் கிடையாது. காதும் கண்ணும் சேர்ந்து கெடும் அஷர் நோயில், எலிக்குக் காது கெடுகிறது, விழித்திரையோ பெரும்பாலும் மனிதரைப்போல் கெடுவதில்லை. வைட்டமின் ஏ மாத்திரையையும் நீங்களாக அள்ளிக் கொடுக்காதீர்கள்; அளவு மிஞ்சினால் கல்லீரல் கெடும்.

அந்தப் பையனுக்கு மரபணுச் சோதனை செய்தோம். குறை வேறொரு மரபணுவில் இருந்தது. அதற்கு இன்னும் மருந்தில்லை. அடுத்த முறை அந்த அத்தையும் கூடவே வந்தார். அவரிடமும் எலிக் கதையைச் சொன்னேன். "அப்படியானால் என் பக்கத்திலிருந்தும் வந்திருக்குமா?" என்று கேட்டார். "உங்கள் அப்பா அம்மாவிடமிருந்து உங்கள் வழியாக மகனுக்கும், உங்கள் அண்ணன் வழியாக மருமகளுக்கும் வந்திருக்கலாம், அம்மா" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மருமகளைப் பார்த்து, "சின்னவளையும் அழைத்து வந்து காட்டிவிடுவோம்" என்றார்.